செவ்வாய்க்கிழமை விருந்து

எனக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை, திருநாள்கள்தான் நிற்கும். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் என்றைக்கு வந்தது என்று கேட்டால் "தொண்டை மந்திரிச்ச அன்னைக்கு" என்பேன். கேட்டவர் விழித்தால், பிப்ரவரி மூன்று என்று நானே சொல்லிக்கொடுப்பேன். அன்று காலைப் பூசை முடிந்ததும் எங்கள் பங்கு அச்சன் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகச் சேர்த்து ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்துச் செபிப்பார். தொண்டையில் முள் சிக்கக் கூடாது என்பதற்காக. மீன் இல்லாமல் ஒருவேளைச் சோறு இறங்காத ஊரில் இதைவிட அவசியமான செபம் எது?

மகளுக்கு முதல் பல் முளைத்தது மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின வாரம். கிணற்றில் வாளி விழுந்தது கல்லறைத் திருநாளில். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. "நான் எந்தத் திருநாள்ல சாவணும்னு இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சாவணும்" என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம், பாறசாலை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில். இங்கே பூசை மலையாளத்தில். அச்சன் மலையாளத்தில் சொல்வார், நான் வாய்க்குள் தமிழில் பதில் சொல்வேன். இருபத்தெட்டு வருடமாகக் கடவுள் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். என் அண்ணன் வருடா வருடம் டிசம்பரில் எங்கள் பழைய பங்கிலிருந்து ஒரு தமிழ்க் காலண்டர் கொடுத்தனுப்புவான். ஒவ்வொரு நாளுக்கும் கீழே அன்றைய புனிதர் பெயர், வாசகம், நோன்பு நாளென்றால் ஒரு மீன் படம். அது அடுக்களையில் அரிசிப் பானைக்கு மேலே தொங்கும். அதைப் பார்க்காமல் நான் அடுப்புப் பற்றவைப்பதில்லை.

செவ்வாய் என்றால் அந்தோணியார். வேலை விட்டதும் அப்படியே நவநாள் செபத்துக்குப் போய்விடுவேன். வெள்ளி என்றால் இறைச்சி இல்லை. சனி மாதாவுக்கு. மார்ச்சில் சூசையப்பர் ஊட்டு. சாதி மதம் பாராமல் ஊரே கோயில் முற்றத்தில் இலை போட்டு உட்காரும், நான் மூன்றாம் பந்தி வரைக்கும் சாம்பார் வாளியோடு நடப்பேன். ஆகஸ்ட் பதினைந்தில் எனக்கு இரண்டு திருநாள். நான் அங்கன்வாடி டீச்சர். காலையில் பிள்ளைகளோடு கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, சேலையில் குத்திய கொடியோடு மாதாவின் விண்ணேற்புப் பூசைக்கு ஓடுவேன். செப்டம்பர் எட்டில் மாதா பிறந்தநாளுக்குப் பாயசம். அக்டோபரில் வீடு வீடாகச் செபமாலை. எந்த வீட்டில் டீயோடு என்ன கிடைக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நவம்பரில் கல்லறையில் புல் செதுக்கி மெழுகுதிரி ஏற்றினால், அடுத்து குடில் கட்ட வைக்கோல் தேட வேண்டியதுதான்.

பக்திமான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். செபமாலையின் மூன்றாம் பத்தில் தூங்கிவிடுகிறவள் நான். ஆனால் காலில் வலி இருக்கிற நாளும், வீட்டில் சண்டை போட்ட நாளும், காலண்டரைப் பார்த்தால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஆறுதல் பெரியது. அதோடு, பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து "டீச்சரே, பெரிய நோம்பு என்னைக்குத் தொடங்குது?" என்று கேட்கும்போது, பார்க்காமலே பதில் சொல்கிற சுகம் வேறு. இப்படியே வருடக்கணக்கில் போனால் தலைக்கனம் வருமா வராதா? வந்தது.

அந்தத் தலைக்கனத்தால் என் மகளின் கல்யாணத்தை ஒரு மதியச் சாப்பாட்டில் கெடுக்கப் பார்த்தேன்.

மகள் பெங்களூரில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருக்கும் பையன் ஒருவனை விரும்பினாள். அவன் வீடு இங்கேயே நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அதியன்னூரில். இருவரும் ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போய், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரத்து ஆளைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பையனும் கத்தோலிக்கன்தான், ஆனால் மலங்கரை முறை. நாங்கள் லத்தீன் முறை. போப்பாண்டவர் ஒருவர்தான், பூசையும் பாட்டும் வேறு வேறு. எங்கள் ரோட்டிலேயே இரண்டு கோயிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரெதிரே நடக்கிறவர்கள் சிரித்துக்கொள்வோம். உங்கள் கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

பெண் கட்டிப்போகிற வீட்டு முறைக்குப் போவதுதான் இங்கே வழக்கம். நான் ஊட்டி வளர்த்த திருநாளையெல்லாம் விட்டுவிட்டு அவள் வேறு கோயிலுக்குப் போவாளா என்று இரண்டு வருடம் முரண்டு பிடித்தேன். கடைசியில் அவள் போனில் சண்டையில்லாமல் சொன்னாள்: "அம்மா, இது நடக்காட்டி எனக்கு வேற பாக்க வேண்டாம். கோபத்தில சொல்லல்ல. உள்ளதைச் சொல்லுகேன்." அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சரியென்றேன்.

நான் இறங்கிவந்தால் போதுமா? பையனின் அம்மாவுக்கும் முழு மனசில்லை. "லத்தீன்காருக்கு என்ன நோம்பு? நெனச்சா உண்டு, இல்லேன்னா இல்ல" என்று அந்த அம்மாள் சொன்னதாக ஒரு பேச்சு சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது. எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல் இருந்தது. யாரைப் பார்த்து என்ன பேச்சு! வீடு பார்க்க வரட்டும், நாங்கள் யாரென்று காட்டுகிறேன் என்று காத்திருந்தேன்.

வருவதாக இருந்தது ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஹர்த்தால், வண்டி ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். பையனின் தாய்மாமன் வியாழக்கிழமை வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிறவர், அவர் இல்லாமல் பேச முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமை என்று மாற்றினார்கள். "சாப்பாடெல்லாம் ஒண்ணும் வேண்டாம், சும்மா வந்து கண்டுட்டுப் போவோம்" என்று பையனின் அப்பா போனில் சொன்னார். யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமை விபூதிப் புதன். எங்களுக்கு ஈஸ்டர் நோன்பு அன்றுதான் தொடங்கும். அப்படியென்றால் செவ்வாய் கடைசி நாள். நோன்புக்கு முன்னால் இறைச்சியும் மீனும் தின்று தீர்க்கிற நாள். ஆண்டவரே நாள் குறித்துக் கொடுத்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன். "என்ன சமைக்கப் போற?" என்று மகள் திங்கட்கிழமை கேட்டபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கிடுகேன், நீ உன் டூட்டியப் பாரு" என்று வாயை அடைத்தேன்.

வீட்டுக்காரர் விடிகாலையில் அமரவிளைக்குப் போய் நல்ல மாட்டிறைச்சியாகப் பார்த்து வாங்கி வந்தார். தேங்காய்க்கொத்துப் போட்டு வறுத்தேன். நெய்மீன் குழம்பு. முட்டை ரோஸ்ட். இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தேன். பால் பாயசம் அடிப்பிடிக்காமல் ஒன்றரை மணி நேரம் கிளறினேன். அங்கன்வாடிக்கு லீவு. அந்தோணியார் நவநாளுக்கும் லீவு.

பன்னிரண்டரைக்குக் காரில் வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா, அம்மா, தாய்மாமன், மூன்றே பேர். அந்த அம்மாள் ஒல்லியாக, வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலையில், கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். பையைக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை, நாற்காலியின் காலருகே வைத்துக்கொண்டார். பழமாக இருக்கும், போகும்போது கொடுப்பார் என்று விட்டுவிட்டேன். சுற்றிப் பார்த்தார்கள், திருக்குடும்பப் படத்துக்கு முன்னால் நின்றார்கள், மகளின் நர்சிங் போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சு மலையாளத்துக்கும் தமிழுக்கும் மாறிமாறி ஓடியது. பிறகு நான் "வாங்க, கை கழுவலாம்" என்று மேசைக்கு அழைத்து, பெருமையோடு ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன்.

ஒருவரும் உட்காரவில்லை.

தாய்மாமன் சுவரைப் பார்த்தார். பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள்தான் சொன்னார்: "சேச்சி, எங்களுக்கு நேத்தே நோம்பு தொடங்கியாச்சு."

"நேத்தா? நேத்து திங்களாழ்ச்சை இல்லியா?"

"எங்களுக்குத் திங்களாழ்ச்சைதான் தொடங்கும். புதன் உங்களுக்கு."

இறைச்சி, மீன், முட்டை, பால். அவர்கள் ஐம்பது நாளும் தொடாத நான்கையும் தேடிப்பிடித்து வரிசையாக வைத்திருக்கிறேன். எந்த அம்மாளிடம் லத்தீன்காரரின் நோன்பைக் காட்ட வேண்டும் என்று இருந்தேனோ, அவர் முன்னால் அவருடைய நோன்பின் இரண்டாம் நாளில் மாட்டிறைச்சியை வைத்து, "நல்லா எடுத்துப் போட்டுக்கிடுங்க" என்றும் சொல்லியாகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுக்கு, நாளும் கிழமையும் தெரிந்தவள் என்று பேரெடுத்தவளுக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் நோன்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று தெரியவில்லை. என் காலண்டரில் அது இல்லை. காலண்டரில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று இருந்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாது, அறிஞ்சூடா" என்றேன். "சத்தியமா அறிஞ்சூடா. மன்னிச்சிருங்க." அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பெங்களூரில் என் பெண் ஐசியுவில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், இடையிடையே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் என்ன சொல்வேன்? இத்தனை வருடம் நீ காத்திருந்ததை நான் ஒரு சட்டி இறைச்சியில் முடித்துவிட்டேன் என்றா? ஸ்டவ் பக்கத்தில் நின்று சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வெளியே என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக் குழறுவது கேட்டது. பையனின் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வதும் கேட்டது: "நேத்து எங்க கோயில்ல நோம்பு தொடக்கம். அச்சன் முதக்கொண்டு எல்லாரும் ஒருத்தருகிட்ட ஒருத்தரு மன்னிப்பு கேட்டு சமாதானம் சொல்லிட்டுத்தான் வந்தோம். நீங்க ஒரு நாள் பிந்திக் கேக்குதீங்க, அவ்வளவுதான். வந்து இரியுங்க."

ஆண்கள் சிரிக்கலாம். முடிவு அந்த அம்மாளின் கையில் என்று எனக்குத் தெரியும். அவர் குரல் அங்கே கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் நிற்கிறார், கையில் அந்தத் துணிப்பை.

"இத எப்படித் தாறதுன்னு அப்போ முதலே யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார். பைக்குள் ஒரு தூக்குப்பாத்திரம். திறந்தார். கோழி. நல்லமிளகு போட்டுக் கறுக்க வறுத்த நாட்டுக்கோழி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு நோம்பு..."

"எங்களுக்கு நோம்பு. உங்களுக்கு நாளைக்குத்தானே? அடுத்த வீட்டில ஒரு லத்தீன்கார பிள்ளை உண்டு, அவகிட்ட கேட்டேன். செவ்வாழ்ச்சை அவிய நல்லா சாப்பிடுவாவன்னு சொன்னா. இறைச்சிச் சட்டியெல்லாம் ஞாயிறே தேச்சுக் கவுத்தாச்சு. பொறத்த ஒரு அடுப்பு கூட்டி வச்சேன். வெறுங்கையோட வரப்பிடாதில்லியா?" பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நோம்பில உப்பு பாக்காம வச்சதாக்கும்" என்றார்.

அவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குப் போய், எங்களுக்கு நோன்பு எப்போது என்று வாய் திறந்து கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. நோன்பிருந்த வயிற்றோடு, நாங்கள் தின்பதற்காக, புகையில் நின்று கோழி வறுத்திருக்கிறார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு பெரிய ஆசுவாசம் ஊறி வந்ததையும் மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வருகிறவள் கோழி வறுத்துக்கொண்டு வருவாளா?

"அழாம, என்ன உண்டுன்னு பாப்போம்" என்று அவரே சேலையை இழுத்துச் சொருகினார். மரச்சீனி இருந்தது. நான் காந்தாரி மிளகாய் பறித்து வந்தேன், அவர் சின்ன உள்ளி உரித்தார். புளியும் கல்லுப்பும் வைத்து நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். சோற்றுக்கு ஒரு எலுமிச்சை ஊறுகாய், பப்படம். பத்து நிமிடத்தில் விருந்து தயாரானது. அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் பப்படம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதுதான்.

பிறகு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர்கள் மூன்று பேருக்கும் மரச்சீனி. எங்கள் இரண்டு பேருக்கும் கோழி. என் இறைச்சியையும் மீனையும் மூடி ஓரமாக வைத்துவிட்டேன். வேறு வழியில்லை, அந்த அம்மாள் கோழியைத் தாமே எங்கள் தட்டில் வைத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு எப்படி? உள்ளதைச் சொல்லணும்."

ஒரு துண்டைக் கடித்தேன். கடல் தண்ணீரில் வேகவைத்தது போல் கரித்தது. இரண்டு முறை போட்டிருக்க வேண்டும். நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நோன்பு நாளில் வந்திருக்கிறவரிடம் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "இத்திரி கூடிப்போச்சு" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு அடக்க முடியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்லுவினும். இந்த உப்புக்கு ரெண்டு சென்மம் நினைக்கலாம்" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

"நோம்புக் காலத்தில வீட்டில உப்பு பாக்க ஒரு ஆளில்ல மைனி. உங்க பிள்ளை வரட்டு."

மைனி என்றார். இதுவரை சேச்சி. சம்பந்தியைத்தான் இங்கே மைனி என்போம்.

நெஞ்சில் கட்டியிருந்தது எல்லாம் இளகிவிட்டது. ஆனால் அந்த நேரத்திலும் எனக்குள்ளிருக்கிற டீச்சர் சும்மா இருக்கவில்லை. "அவ அங்க வந்தா எப்படி உப்பு பாப்பா? அவளும் உங்க கூடத் திங்களாழ்ச்சையே நோம்பு தொடங்குவாளே" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இரண்டு வருடம் எதற்காக முரண்டு பிடித்தேனோ, அதை என் வாயாலேயே கொடுத்துவிட்டேன். பிடுங்கிக்கொடுத்தது போல் இல்லை. பாரம் இறங்கினது போல்தான் இருந்தது.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்போ நீங்க வாங்க. திங்களும் செவ்வாயும் உங்களுக்குச் சாப்பிடலாமில்லியா."

கோயிலில் நிச்சயம் வைக்க நாள் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் கார் வளைவு திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு மகளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, என்னாச்சு? எதாவது பேசினியா? அழுதியா?"

"ஈஸ்டர் கழிஞ்சதும் மனசம்மதம் மக்ளே" என்றேன். "கோயில் அவியளுக்க கோயில். நான் சரின்னு சொல்லியாச்சு."

அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் கிண் கிண் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, டூட்டியில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் பெண் அழுவது கேட்டது.